யெஸ், யெஸ் என்றொரு வாக்குமூலம்

1

மெல்பேர்னின் தென்கிழக்கில் வாழும் தமிழ் ஆண்களுக்கு ஐம்பது வயது கடந்ததும் மூன்று விஷயங்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. முழங்கால் வலி, இடியப்பத்தைச் சிவப்பு மாவில் கேட்கும் பிடிவாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றிய உறுதியான அபிப்பிராயம். முதலிரண்டுக்கும் மருத்துவக் காரணம் உண்டு.

கிரான்பர்னில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் சரி, கொத்துரொட்டி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அந்த ஒன்பது நீதிபதிகளில் யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லிவிடுவார். நாங்கள் வரி கட்டுகிற, வாக்குப் போடாவிட்டால் தண்டம் அறவிடுகிற இந்த நாட்டு உயர் நீதிமன்றத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். "இஞ்சையும் ஒண்டு இருக்கோ?" என்பார்.

இந்தக் கூட்டத்தின் தலைமை மடையன் நான்தான். பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மற்றவர்களின் கூரை ஏன் ஒழுகியது என்று ஆராய்கிறேன். மாலையில் அமெரிக்கச் சட்ட வரலாற்றை வாசிக்கிறேன். என் கூரையும் ஒழுகுகிறது. நண்பர்கள் எனக்கு அப்புக்காத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வழக்கறிஞருக்கும் அந்தப் பெயர்தான், கேட்காமலே கதைக்கிறவனுக்கும் அதுதான். என்னை எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் எங்கள் பகுதி மூத்தோர் ஒன்றுகூடலில் என்னைப் பேச அழைத்தார்கள். தலைப்பு: அமெரிக்க சமூகத்தில் சட்டத்தின் அடித்தளமும் நீதிமன்றங்களின் பங்கும். பேச வேண்டியவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை வந்ததால் எனக்குக் கிடைத்த வாய்ப்பு.

ஆங்கிலேயரின் சட்டம் மூன்று கப்பலில் ஏறியது என்று தொடங்கினேன். முதல் கப்பலில் போனவர்கள் அமெரிக்காவில் இறங்கி, காலப்போக்கில் அரசனை உதறிவிட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கப்பல் அதைக் கைதிகளோடு சேர்த்துச் சிட்னியில் இறக்கியது. மூன்றாவது எங்களிடம் வந்தபோது ஒல்லாந்தர் ஏற்கெனவே எங்கள் ஊர் வழக்குச் சட்டமான தேசவழமையை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தான் ஒரே காணிக்கு இரண்டு விதமான சட்டத்தில் வழக்காடும் வசதியைப் பெற்றான்.

பிறகு அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதிய கனவான்களில் பலர் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார்கள். சட்டசபை இயற்றும் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென்று சாசனத்தில் வெளிப்படையாக ஓரிடத்திலும் எழுதவில்லை. நீதிமன்றமே ஒருநாள் அதை எடுத்து வைத்துக்கொண்டது, கலியாண மண்டபத்தில் யாரும் கூப்பிடாமலே ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும் பெரியப்பாவைப் போல. அதன் பிறகு யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. அரசியல்வாதிகள் தொடப் பயப்படுகிற எல்லாவற்றையும், துப்பாக்கியிலிருந்து கர்ப்பப்பை வரை, ஆயுட்காலப் பதவியில் இருக்கும் ஒன்பது பேரின் மடியில் தூக்கிப் போடுவார்கள். தீர்ப்பு வந்ததும் அவர்களைத் திட்டி அடுத்த தேர்தலில் நிற்பார்கள். சில மாநிலங்களில் நீதிபதிகளே தேர்தலில் நிற்கிறார்கள். நீதி கேட்டு வருகிறவர் முதலில் பார்ப்பது தெருவேலியில் பல்லைக் காட்டும் நீதிபதியின் படத்தை.

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டு அவர்களும் தட்டினார்கள்.

தேநீர் நேரத்தில் குணம் அண்ணை என் முழங்கையைத் தொட்டார். டண்டினொங்கில் உள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து உறைந்த மீனும் காய்கறியும் ஏற்றிக் கடைகளுக்குக் கொடுக்கும் குளிரூட்டிய வான் வண்டி ஓட்டுபவர். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு.

"தம்பி, நல்லாக் கதைச்சனீர். எனக்கும் ஒரு கோட்டு அலுவல் இருக்கு. அமெரிக்காவிலை இல்லை, இஞ்சைதான். பரவாயில்லையோ?"

கோடு என்றால் எங்கள் பேச்சில் நீதிமன்றம். அதற்குள் கால் வைத்தவன் நேராக வெளியே வந்த கதை எங்கள் ஊரில் இல்லை.

2

நடந்தது இவ்வளவுதான். ஒரு சந்தியில் 'நில்' என்ற பலகை. குணம் அண்ணை அதைத் தாண்டித் திரும்பியபோது ஒரு பெண் ஓட்டி வந்த கார் வானின் முன்மூலையில் உரசியது. அண்ணையின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்துக் கொஞ்சம் இரத்தம். இளம் பொலிஸ்காரர் ஒருவர் நெஞ்சில் கமெராவோடு வந்து விசாரித்தார். சில வாரம் கழித்து, பலகையில் நிற்காமல் கவனக்குறைவாக ஓட்டியதாகக் குற்றச்சாட்டு வந்தது. ஆதாரம், அவருடைய சொந்த வாய்.

"நிண்டனான் தம்பி. வடிவாய் நிண்டு, ரெண்டு பக்கமும் பாத்துத்தான் எடுத்தனான்."

"அப்ப ஏன் அண்ணை பொலிஸிட்டை நிக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"நான் எங்கை சொன்னனான்? அவன் கதைச்சுக்கொண்டிருந்தவன். நான் யெஸ் யெஸ் எண்டனான்."

அந்தப் பொலிஸ்காரர் கேட்டது: "யூ டிடின்ட் ஸ்டொப், மேட்?" நீங்கள் நிற்கவில்லை, அப்படித்தானே என்று. குணம் அண்ணையின் பதில்: "யெஸ், யெஸ்."

இதைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் விளக்கினால்தான் என் பெயர் அப்புக்காத்து. ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' ஒப்புதல் இல்லை. என் காது திறந்திருக்கிறது, நீ மேலே கதை என்ற அறிவித்தல். யாழ்ப்பாணத்தார் ஒருவர் தொலைபேசியில் கதைப்பதைப் பக்கத்திலிருந்து கேளுங்கள். ஓம், ஓம், ஓமோம் என்று மறுமுனையில் இருப்பவருக்குத் தன் சொத்தையே எழுதிக் கொடுப்பதுபோல இருக்கும். வைத்ததும் "விசரன், பைத்தியக்காரன்" என்பார். குணம் அண்ணை செய்ததெல்லாம் இந்த ஓமை ஆங்கிலத்தில் போட்டதுதான். அவர் மனதில் அது "கேக்குது ராசா, சொல்லு." கமெராவில் அது வாக்குமூலம்.

வேகக் கமெராக்கள் ஏற்கெனவே அவருடைய லைசென்ஸ் புள்ளிகளில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. இதிலும் குற்றவாளி என்றால் லைசென்ஸ் பறிபோகும். லைசென்ஸ் போனால் வான் போகும். வான் போனால் அந்த வயதில், அந்த ஆங்கிலத்தில், வேறு வேலை கிடையாது. வசந்தி அக்கா முதியோர் இல்லத்தில் செய்யும் வேலை தனியாக ஒரு வீட்டைத் தாங்காது. மகன் சிட்னியில், செவன் ஹில்ஸில், தன் குடும்பத்தோடு தானே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

நான் அவருக்கு நம்பிக்கை கொடுத்தேன். தன்னைத் தானே குற்றம் சாட்டும்படி எவரையும் வற்புறுத்தக்கூடாது என்று ஐந்தாம் திருத்தம் சொல்வதை அவர்கள் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு விளக்கினேன். வசந்தி அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அது எந்த ஊர்த் திருத்தம்?"

"அமெரிக்கா அக்கா."

"உவர் இடிச்சது கிரான்பர்னிலை."

3

வீட்டுக்கு வந்து மகள் அபியிடம் கேட்டேன். சட்டம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது எங்கள் வீட்டின் எழுதப்படாத சாசனம். திருத்தப் பலமுறை முயன்றேன், பெரும்பான்மை கிடைக்கவில்லை.

"அப்பா, தற்ஸ் அமெரிக்கா," என்றாள். மௌனமாக இருக்கும் உரிமை இங்கேயும் உண்டு, ஆனால் அது எங்கள் சாசனத்தில் இல்லை, ஆங்கிலேயரின் பழைய பொதுச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது என்றாள். "எனிவே, ஹீ ஆல்ரெடி ஸ்போக்." மனிதர்தான் ஏற்கெனவே கதைத்துவிட்டாரே.

என் உரையின் குறிப்புகளை வாசித்திருந்தாள். அமெரிக்காவை நான் இவ்வளவு கேவலப்படுத்தியிருக்கத் தேவையில்லை என்பது அவள் கட்சி. "அட் லீஸ்ட் தே ரோட் இட் டவுன், அப்பா." அவர்கள் எழுதியாவது வைத்தார்கள், எழுதியவன் யோக்கியனோ இல்லையோ, எழுதியதைத் தூக்கிப்பிடித்து அவன் பேரனிடமே நியாயம் கேட்கலாம். அவள் ஆங்கிலத்தில் சொன்னதால் மறுத்துப் பேச எனக்குச் சொல் வரவில்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் வந்திராது.

எழுதி வைப்பது பற்றி வசந்தி அக்காவுக்கு வேறு அபிப்பிராயம். வழக்குக்கு முதல்நாள் அவர் எனக்குச் சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். ஊரில் இளவயதில் குணம் அண்ணையை இராணுவத்தினர் சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டு போனார்கள். கேட்டதற்கெல்லாம் "ஓம் சேர்" என்றார். அங்கே அதற்கு மாற்று இருக்கவில்லை. பிறகு அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டினார்கள். அதற்கும் ஓம் சேர். தான் செய்யாத ஒன்றைச் செய்ததாக அதில் எழுதியிருந்தது என்று அவருக்கு விளங்கியபோது உள்ளேதான் இருந்தார். நீண்டகாலம் இருந்தார்.

"அதைப் பற்றி உவர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை," என்றார் வசந்தி அக்கா. "நீரும் கேக்காதையும்."

4

எங்கள் பக்கத்து மஜிஸ்ரேட் நீதிமன்றம் விமானம் வராத விமான நிலையம் மாதிரி இருக்கும். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். உள்ளே ஆட்கள் பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பார்கள். கழுத்துவரை பச்சை குத்திய பையன்கள் தகப்பனின் கோட்டைப் போட்டுக்கொண்டு தகப்பனைப் போலவே முழிப்பார்கள்.

சட்டத்தின் மாட்சிமையை அறிய விரும்புகிறவர் தீர்ப்புகளை வாசிக்கவேண்டாம். அந்த நடைக்கூடத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும். நீதி அங்கேதான் விலை பேசப்படுகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: ஜூரிமுறையைப் பற்றி அவர்கள் பாடாத பாட்டில்லை, ஆனால் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை ஜூரியின் முகத்தையே பார்ப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள், குறைத்துத் தருகிறோம் என்று பேரம் முடிந்துவிடும். மேலே ஒன்பது பேர் தத்துவம் பேசுவார்கள். கீழே மீன்சந்தை.

எங்களுக்குக் கிடைத்த இலவசச் சட்டத்தரணி கேட் என்ற இளம்பெண். கோப்புகள் நிறைந்த தள்ளுவண்டியோடு வந்தாள். நல்லவள், நேரமில்லாதவள். மொழிபெயர்ப்பாளர் மேரி, ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். வணக்கம் சொன்ன குணம் அண்ணையிடம், "தனியா பேசக்கூடாதுங்க ஐயா, ரூல்ஸ்," என்று சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

கேட் கொண்டுவந்த செய்தி நல்ல செய்தி. பொலிஸ் தரப்பு ஒரு மாற்றுவழிக்குச் சம்மதித்திருக்கிறது. அவர் பொறுப்பேற்றுக்கொண்டால் ஒரு நாள் வீதிப் பாதுகாப்பு வகுப்பு. தீர்ப்பு இல்லை, பதிவு இல்லை, புள்ளி போகாது. லைசென்ஸ் பத்திரம்.

மேரி தமிழில் சொன்னார். "ஐயா, நீங்க பொறுப்ப ஏத்துக்கிட்டா கேஸ் இதோட முடிஞ்சிடும்னு சொல்றாங்க. ஏத்துக்கிறீங்களா?"

குணம் அண்ணையின் முகம் மலர்ந்தது. "பொறுப்போ? பொறுப்பெல்லாம் நான்தானே பிள்ளை எடுக்கிறனான். வீட்டிலையும் நான்தான்."

"பின்னை? உவரில்லாட்டி உலகம் சுத்தாது," என்றார் வசந்தி அக்கா.

எனக்கு உடனே விளங்கியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'பிழை என்னுடையது' என்று தலைகுனிவது. தமிழில் பொறுப்பு என்பது குடும்பத்தலைவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுப்பது. அவர் குற்றத்தை ஏற்கவில்லை, வீட்டுச் சுமையைத்தான் ஏற்கிறார். இதைத் திருத்தினால் லைசென்ஸ் போகும். நான் சுவரிலிருந்த புகைபிடிக்காதீர் அறிவித்தலை மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினேன்.

5

நீதவான் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். தலைக்கு மேலே நாட்டின் சின்னம். அமெரிக்கர்கள் கழுகை வைத்திருக்கிறார்கள். இவர்கள் கங்காருவையும் ஈமுவையும் வைத்திருக்கிறார்கள், இரண்டையும் கடையில் இறைச்சியாகவும் வாங்கலாம். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த நேர்மை அது ஒன்றுதான்.

பொறுப்பேற்கிறீர்களா என்று நீதவான் கேட்டார். மேரி மொழிபெயர்த்தார்.

"ஓம் அம்மா. பொறுப்பு எனக்குத்தான்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். மேரி அதை மொழிபெயர்க்காமல் நீதவானைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறார். நீதிமன்றத்தில் அவர்கள் தங்களைப் படர்க்கையில்தான் சொல்லவேண்டுமாம், வேறு யாரோ குற்றம் செய்வதுபோல. தமிழில் இந்தச் சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. இந்த ஐயா தவறை ஒப்புக்கொள்கிறாரா என்று மொழிபெயர்ப்பாளருக்கு நிச்சயமில்லை.

ஈப்போவையும் அங்கே தமிழ் படிப்பித்த அத்தனை ஆசிரியர்களையும் நான் மனதுக்குள் சபித்தேன்.

நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு நேரே குணம் அண்ணையைப் பார்த்துக் கேட்டார். மேரி சொன்னார்: "நீங்க தப்பு செஞ்சீங்களா ஐயா? அந்தப் பலகையில நிக்காம போனீங்களா? அதத்தான் கேக்குறாங்க."

குணம் அண்ணை வசந்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். வசந்தி அக்கா கங்காருவைப் பார்த்தார்.

"நோ," என்றார் குணம் அண்ணை. மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காமல் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

மாற்றுவழி அங்கேயே மூடிக்கொண்டது. முழு விசாரணைக்கு வேறு தவணை போட்டார்கள். திரும்பி வரும்போது காருக்குள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒரேயொரு ஓம் அண்ணை! சும்மா ஒரு ஓம் சொல்லியிருந்தா வேலை தப்பியிருக்கும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "அது ஒருக்காச் சொல்லிப் பாத்தனான் தம்பி."

எனக்கு வீடு வரும்வரை கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

6

விசாரணைக்கும் கேட்தான் வந்தாள். ஏன் இந்த வழக்கை விடாமல் வைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. கேட்டதற்கு, அந்த 'நோ' தனக்குப் பிடித்துக்கொண்டது என்றாள். வசந்தி அக்கா வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சீருடையோடே வந்திருந்தார்.

கார் ஓட்டிய பெண் நேர்மையாகவே சாட்சி சொன்னாள். வான் தன் முன்னால் வந்தபிறகுதான் அதைக் கண்டாளாம். அதற்கு முன் அது நின்றதா இல்லையா, தெரியாது. ஆக எஞ்சியது பொலிஸ்காரரின் நெஞ்சுக் கமெரா மட்டும்.

திரையில் குணம் அண்ணை நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறார். நிற்கவில்லை, அப்படித்தானே? யெஸ், யெஸ். பொலிஸ் தரப்பு அதோடு திருப்தியாக உட்கார்ந்தது. கேட் எழுந்து, நிறுத்தாமல் ஓடவிடுங்கள் என்றாள்.

இது உங்கள் சொந்த வானா? யெஸ், யெஸ். கம்பனி வானா? யெஸ், யெஸ். தலையில் இரத்தம் வருகிறது, அம்புலன்ஸ் கூப்பிடவா? யெஸ், யெஸ். அப்போ அம்புலன்ஸ் வேண்டாமா? யெஸ், யெஸ்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குணம் அண்ணை தன்னையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

கேட் பொலிஸ்காரரைக் கேட்டாள்: அம்புலன்ஸ் கூப்பிட்டீர்களா?

இல்லை.

ஏன்? அவர் யெஸ் என்றாரே.

அந்தப் பையனின் காது சிவந்தது. பொய் சொல்லத் தெரியாத பையன். அவர் உண்மையில் அதை ஒப்புக்கொண்டதாக நான் எடுக்கவில்லை என்றான்.

கேட் வேறொன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நீதவான் வழக்கைத் தள்ளினார். லைசென்ஸ் தப்பியது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

7

வாசலில் நான் குணம் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையைத் தந்தாரே தவிர, கவனம் வேறெங்கோ இருந்தது.

"தம்பி, நான் நிண்டனான் எண்டு அந்த நீதவான் அம்மா சொன்னவவோ?"

"நீங்கள் நிக்கேல்லை எண்டதை நிரூபிக்கேல்லை எண்டு சொன்னவ அண்ணை."

"ரெண்டும் ஒண்டோ?"

"இல்லை."

"அப்ப மேல் கோட்டுக்குப் போவம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய வற்புறுத்தலில் சட்டத்தரணி கேட்டிடம் போய்க் கேட்டேன். அவளும் முதலில் சிரித்தாள், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வென்றவர் மேன்முறையீடு செய்ய முடியாது, எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றாள். தள்ளுவண்டி அடுத்த ஆளிடம் உருண்டு போனது.

அது இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் கீழ்நீதிமன்றத்திலிருந்து அந்த ஒன்பது பேர் வரை படிப்படியாக ஏறினாலும், விடுவிக்கப்பட்ட ஒருவர் போய், ஐயா, என்னை விட்டது போதாது, நான் உண்மை சொன்னேன் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்க ஒரு ஜன்னல் கிடையாது. இத்தனை சாசனம், இத்தனை திருத்தம், மேலங்கி, மரச்சுத்தியல். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு மனிதனிடம் சொல்வது, உன்னைப் பொய்யன் என்று எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, போ என்பதுதான். இதைத்தான் நான் பக்கம் பக்கமாக வாசித்து, மண்டபம் எடுத்து, தேநீரோடு விளக்கினேன்.

"அப்ப ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார் குணம் அண்ணை.

"இஞ்சாருங்கோ," என்றார் வசந்தி அக்கா. "நீங்கள் நிண்டனீங்கள்."

"உமக்கென்ன தெரியும்? நீர் வானுக்குள்ளை இருந்தனீரோ?"

"செத்த வீட்டுக்குப் பிந்திப் போகேக்கையும் ஒரு காக்காயும் இல்லாத சந்தியிலை நிண்டு ரெண்டு பக்கமும் பாத்த மனிசன் நீங்கள். பின்னாலை வாறவன் ஹோர்ன் அடிக்க அடிக்க நிப்பியள், எனக்கு வெக்கத்திலை முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியாது. நிண்டனீங்கள். முடிஞ்சுது. இனி ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

நேரில் கண்ட சாட்சியம் இல்லை. குணநலன் பற்றிய வெறும் அபிப்பிராயம், அதுவும் மனைவியுடையது. உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கத்துக்குட்டி அப்புக்காத்தும் எழுந்து ஆட்சேபிக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

குணம் அண்ணை மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பொக்கற்றிலிருந்து வானின் சாவியை எடுத்தார்.